அடிச்சவன் எடுக்கணும்

செங்கல், குளத்தூர், பெருங்கடவிளை என்று கேரளத்தின் தென்எல்லையில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கே பந்தாட்டம் நடந்தாலும் முன்வரிசையில் வேதமணிக்கு ஒரு நாற்காலி உண்டு. ஐம்பத்தொன்பது வயது. கரண்ட் ஆபீஸில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வட்டாரக் கால்பந்து சங்கத்துக்கு இருபது வருஷமாகச் செயலாளர். ஆட்டம் முடிய நாலு நிமிஷம் இருக்கிறது என்றால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், செருப்பைக் கழற்றுவார், இரண்டு காலையும் தூக்கி நாற்காலியின் மேல் வைத்துச் சம்மணம் போட்டுக்கொள்வார். பக்கத்தில் இருப்பது சபைப் போதகராக இருந்தாலும் சரி, பஞ்சாயத்துத் தலைவியாக இருந்தாலும் சரி, அவருக்குக் கவலை கிடையாது.

ஏனென்றால் பந்து வரும். அந்த நாலு நிமிஷத்துக்குள் எவனோ ஒருவனுடைய காலுக்குத் தப்பி, கோட்டைத் தாண்டி, உருண்டு உருண்டு நேரே அவர் நாற்காலிக்கு வரும். நாற்காலியை மாற்றிப் போட்டுப் பார்த்தார், அங்கேயும் வந்தது. பெருங்கடவிளையில் ஒருமுறை மைதானத்துக்கு மேலே, ரோட்டோரத் திட்டில் போய் உட்கார்ந்தார். பந்து சரிவில் ஏறி வந்தது. இறங்கி அல்ல, ஏறி. அதைக் கண்ணால் பார்த்த நாலு பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

மற்றவர்கள் சிரிப்பார்கள். "பந்துக்கு செக்ரட்டறியைக் கண்டா ஒரு சினேகமாக்கும்" என்பார்கள். சிரிக்கிறவனுக்கு என்ன, பல்லைக் காட்டிவிட்டுப் போய்விடுவான். எடுக்கிற கைக்கல்லவா தெரியும்! மீன மாத வெயிலில் மண் வெடித்துக் கிடக்கிற மைதானத்திலும், அவர் காலடிக்கு வருகிற பந்து மட்டும் நனைந்திருக்கும். பாசி வாடை அடிக்கும். துண்டால் துடைத்து இரண்டு கையாலும் தூக்கி எறிவார். திருப்பி உதைக்க மாட்டார். முப்பத்திரண்டு வருஷமாக ஒரு பந்தைக்கூட அவர் கால் தொட்டதில்லை.

இத்தனைக்கும் ஒரு காலத்தில் அந்த வலது காலுக்கு நெய்யாற்றின்கரை வரைக்கும் பேர் இருந்தது. உதயா கிளப்பின் கேப்டன், ஸ்டாப்பர் பேக். அவரைத் தாண்டி ஒருவன் கோல் போஸ்டுக்குப் போனான் என்றால் அவனைக் கொண்டாடி அன்று ராத்திரி ஊரில் விருந்துச் சோறு கிடைக்கும். மழை விட்டால் அதே ஆட்கள் அதே மைதானத்தில் ஸ்டம்பை நட்டுக் கிரிக்கெட்டும் ஆடுவார்கள். அதிலும் வேதமணி சளைத்தவர் இல்லை. ஆனால் பேர் வாங்கித் தந்தது கால்தான்.

அந்த மைதானத்துக்கு ஒரு வில்லங்கம் உண்டு. கிழக்குக் கோட்டிலிருந்து பத்தடி தள்ளிப் பாறமடை. கல் உடைத்துத் தீர்ந்ததும் அப்படியே விட்டுவிட்டுப் போன குழி. மழைத் தண்ணீர் நிறைந்து குளமாகிவிட்டது. ஆழம் இவ்வளவு என்று அறுதியிட்டுச் சொல்ல ஆளில்லை. கிளப்புக்கு இருந்ததோ ஒரே பந்து. ஆகவே அங்கே ஒரு தந்திரமும் ஒரு நியாயமும் பிறந்தன. ஒரு கோல் முன்னால் நிற்கிற அணி, நேரத்தைப் போக்கப் பந்தைப் பாறமடைக்குள் அடித்துவிடும். எடுத்து வருவதற்குள் ரெஃப்ரியின் கடிகாரம் ஓடிவிடும். குளத்தடி என்று அதற்குப் பேர். நியாயம் என்னவென்றால், யார் காலில் கடைசியாகப் பட்டுப் பந்து விழுந்ததோ அவனே இறங்கி எடுக்க வேண்டும். அடிச்சவன் எடுக்கணும். ஆஃப்சைடுக்குச் சண்டை வரும், ஃபவுலுக்கு மண்டை உடையும், இதற்கு மட்டும் எவனும் மறுபேச்சுப் பேச மாட்டான்.

1993 ஏப்ரல். ஈஸ்டர் கழிந்த சனிக்கிழமை. குளத்தூரிலிருந்து வந்த அணியோடு ஃபைனல். உதயா ஒரு கோல் முன்னால். அந்த கோலை அடித்தவன் அஜீஷ்; பத்தொன்பது வயது, ரோட்டு முக்கில் இருக்கிற செல்லபாயின் ஒரே மகன். காலை எழுந்ததும் பாறமடைக் கரைக்கு மேலே நிற்கிற பாறைச் சுவரில் பந்தை அடித்து அடித்துப் பழகுகிற பையன். டப், டப் என்று அந்தச் சத்தம் கேட்டுத்தான் பக்கத்து வீடுகளில் அடுப்பு பற்றவைப்பார்கள்.

ஆட்டம் முடிய நாலு நிமிஷம். பந்து வேதமணியிடம் வந்தது. எதிர்ப்பக்கத்தான் ஒருவன் பாய்ந்து வந்தான். இரண்டடி தள்ளி அஜீஷ் ஓடிவந்துகொண்டிருந்தான். வேதமணி ஓங்கி ஒரு அடி வைத்தார். பந்து எழும்பிப் பாறமடையின் நடுவில் போய் விழுந்து, ஆடிக்கொண்டு நின்றது.

ரெஃப்ரி சதாசிவன் சார் விசில் ஊதினார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர், கண்டிப்பான மனிதர். "ஆராக்கும் கடைசி?" என்று கேட்டார்.

வேதமணிக்கு நீந்தத் தெரியாது. இருபத்தேழு வயசுக் கேப்டனுக்கு நீச்சல் தெரியாது என்பது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. குளத்தடி அடிக்கிற வேலையை அதுவரை மற்றவர்கள் தலையில் கட்டித் தப்பித்துவந்தார். அன்றைக்கு ஆட்ட வெறியில் கால் முந்திக்கொண்டது. இப்போது வாய் முந்திக்கொண்டது.

"அஜீஷுக்க காலுல தட்டிப் போச்சு சாரே."

சதாசிவன் சார் அஜீஷைப் பார்த்தார். அஜீஷ் வேதமணியைப் பார்த்தான். தன் காலுக்கும் பந்துக்கும் இரண்டடி தூரம் இருந்தது என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். லேசாகச் சிரித்தான்.

"நான்தான் சாரே" என்றான். சட்டையைக் கழற்றி வேதமணியின் கையிலேயே கொடுத்துவிட்டுக் குதித்தான்.

நன்றாக நீந்துகிறவன். நாலு வீச்சில் நடுவுக்குப் போய்விட்டான். கையை நீட்டினான், பந்து ஒரு கை தள்ளிப் போயிற்று. மறுபடி நீட்டினான், மறுபடி தள்ளிப் போயிற்று. காற்று இல்லை, அலை இல்லை. கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மூன்றாவது முறை இரண்டு கையாலும் பந்தைப் பிடித்தான். பிடித்த கையோடு, பந்தோடு, நேர் கீழே போனான். சத்தமே இல்லை. நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கத் தண்ணீர் மூடிக்கொண்டது.

ஃபயர் ஃபோர்ஸ் வந்து மூன்றாம் நாள் பாறைப் பொந்திலிருந்து உடலை எடுத்தது. பந்து வரவில்லை. காற்றடைத்த பந்து எப்படி ஐயா முங்கும்? முங்கினாலும் மேலே வராமல் எப்படி இருக்கும்? "கல்லு குத்திக் காத்து போயிருக்கும்" என்றார்கள். சொன்னவர்களே நம்பவில்லை. சதாசிவன் சார் கிளப் நோட்டில் எழுதிவைத்தார்: நான்கு நிமிடம் மீதியிருக்க ஆட்டம் நின்றது, கடைசியாகப் பட்டது அஜீஷின் காலில். அந்த வருஷக் கப் பேர் பொறிக்காமல் இன்றும் கிளப் அலமாரியில் இருக்கிறது.

அதன் பிறகு வேதமணி கால்பந்து ஆடவில்லை. அதிர்ச்சி என்றது ஊர். ஒரு வருஷம் கழித்துக் கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பராக நின்றார். ஏன் கீப்பர் என்று எவனும் யோசிக்கவில்லை. கையால் பிடிக்கிற வேலை, கால் வேண்டாம். நன்றாகவே நின்றார், திருவனந்தபுரத்து லீக் வரைக்கும் போய் ஆடினார். ஆனால் பந்துக்கு என்ன, பெரிதானால் என்ன, சிறிதானால் என்ன. ஒரு மேட்சில் பேட்ஸ்மேனைத் தாண்டி வந்த பந்து அவர் கையுறைக்குள் சொட்டச் சொட்ட விழுந்தது. அம்பயர் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆரடே இதை வெள்ளத்துல முக்கினது?" என்று சத்தம் போட்டார். பந்தை மாற்றினார்கள். மாற்றிய பந்தும் அப்படியே வந்தது. எல்லோரும் எதிரணியைத் திட்டினார்கள். வேதமணி கையுறையை மோந்து பார்த்தார். முப்பத்தெட்டு வயதில் அதையும் விட்டார்.

பிறகுதான் நிர்வாகம். நாற்காலியில் உட்கார்கிற வேலை, பந்து பக்கத்தில் வராது என்று நினைத்திருப்பார் பாவம். இதைச் சொல்லியாக வேண்டும்: அவரைப் போல ஒரு செயலாளர் அந்தப் பக்கத்தில் இருந்ததில்லை. மூன்று பந்து கோட்டோரம் வைக்காமல் ஒரு மேட்ச் தொடங்க விட மாட்டார். "ஒத்தப் பந்தை வச்சோண்டு விளையாட்டு நடத்துகவன் மனுசனாலே?" என்று குதிப்பார். குளம், கிணறு, கால்வாய் பக்கத்தில் இருந்தால் வலை கட்டியாக வேண்டும். பந்து வெளியே போனால் கடிகாரம் நிற்க வேண்டும். சங்கத்தில் பேர் பதிகிற ஒவ்வொருவனும் நீந்திக் காட்ட வேண்டும். மூணு பந்து வேதமணி என்று பட்டப்பேர் வைத்தார்கள், பிறகு மரியாதையாகவும் சொன்னார்கள். துவக்க விழாக்களில் முதல் உதை உதைக்கக் கூப்பிட்டால் மட்டும் முட்டு வலி என்பார். மைக் பிடித்தவர்கள் மலையாளத்தில் கெஞ்சுவார்கள், "காலு கொண்டு ஒந்நு தொட்டால் மதி சாரே" என்று; காலால் ஒருதரம் தொட்டால் போதுமாம். தொட மாட்டார்.

இதை எல்லாம் சகித்துவிடலாம். சகிக்க முடியாதது ஒன்றே ஒன்று, செல்லபாயின் வாய்.

செல்லபாய்க்கு இப்போது எழுபத்தாறு வயது. மகன் போன மறுவாரத்திலிருந்து ஒரு நாள் தவறாமல், காலை ஆறரைக்கு முற்றம் பெருக்கும்போது அவனை ஏசுவாள். செத்துப்போனவனை. "எலே, உனக்குக் கண்ணு எங்கலே இருந்து? இத்தற இடம் கெடக்கேல குளத்துலயா கொண்டு அடிக்கணும்? கவனம் கெட்ட சவமே, பெத்த தள்ளை ஒருத்தி உண்டுன்னு நினைச்சியாலே நீ?" பெருக்கி முடியும் மட்டும் ஏச்சுதான். சுற்றி இருக்கிறவர்களுக்குப் பழகிவிட்டது. வேதமணிக்குப் பழகவில்லை. ஜங்ஷனுக்குப் போக அந்த வீட்டைத் தாண்டித்தான் நேர்வழி. அவர் முப்பத்திரண்டு வருஷமாக இரண்டு கிலோமீட்டர் சுற்றிப் போகிறார்.

வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் போயே தீர வேண்டும். அஜீஷ் நினைவுக் கோப்பை நடக்கும். அழைப்பிதழைச் செயலாளர்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். செல்லபாய் வாங்கிப் புரட்டிப் பார்ப்பாள். "எனக்க மவன் கவனமில்லாத்தவனாக்கும். அவனுக்க பேருல எதுக்குக் கப்பு?" என்பாள். ஒருமுறைகூட மைதானத்துக்கு வந்ததில்லை. வேதமணி தலையைக் குனிந்துகொண்டு எழுந்து வருவார். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனால் சொல்லாமலே படி இறங்கிவிடுவார். சதாசிவன் சார் காலமானார். அன்றைக்கு ஆடியவர்களில் பாதிப் பேர் கல்ஃபில், மீதிப் பேர் கல்லறையில். உண்மை தெரிந்த ஒரே ஆள் வேதமணி. அந்தக் கிழவி தன் பிள்ளையை ஏசிக்கொண்டே செத்துப்போனால்? இந்த எண்ணம் வந்தால் சோறு இறங்காது.

இந்த வருஷம் அரசாங்கத் திட்டத்தில் மைதானத்துக்கு விமோசனம் வந்தது. பாறமடையை இறைத்து, மண் கொட்டி மூடி, கேலரி கட்டப் போகிறார்கள். முகப்பில் அஜீஷின் பேர். திறப்புவிழா மலருக்கு அஜீஷ் இறந்த கதையைச் செயலாளர் எழுதித் தர வேண்டும் என்று கமிட்டி தீர்மானம் போட்டது. வேதமணி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தார். 'அஜீஷின் காலில் பட்ட பந்து' என்று எழுதினார். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. நாக்கால் சொன்ன பொய் இனி அச்சில் ஏறும், செல்லபாய்க்கு ஒரு பிரதி போகும்.

மனைவி லீலாபாய் காப்பி கொண்டுவந்து வைத்தாள். "இஞ்சேருங்கோ, என்னத்துக்கு இப்பிடி வேர்க்குது? ஃபேன் ஓடுகே."

"ஒண்ணுமில்ல பிள்ளே."

"ஒண்ணுமில்லன்னு கல்யாணம் கழிஞ்ச நாளு முதல் சொல்லுதியோ" என்றாள் அவள். கேட்டுக் கேட்டு அலுத்த குரல்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஷாஜியின் போன் வந்தது. பாறமடையை மூடும் வேலையை எடுத்த கான்ட்ராக்டர் ஷாஜி.

"அண்ணா, ஒண்ணு இங்க வரணும். நாலு நாளாட்டு மோட்டார் ஓடுகு. நெஞ்சளவு வெள்ளத்துல வந்து நிக்குது, அதுக்குக் கீழ ஒரு விரலளவுகூட இறங்கல்ல."

"அடியில ஊத்து இருக்கும்."

"ஊத்தாட்டு இருக்கட்டு. வேற ஒண்ணும் உண்டு. போனுல சொன்னா எனக்குத் தலைக்குப் பிராந்துன்னு நினைப்பிய. வாங்க."

போனார். நல்ல வெயில். கரையில் சிவப்பு மண் ஏற்றிய டிப்பர்கள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் ஒருவரும் குழிப்பக்கம் இல்லை. தள்ளிப் புளியமரத்தடியில் கூட்டமாக நின்று பீடி குடித்தார்கள். ஷாஜி மோட்டாரை நிறுத்தினான். "இப்போ கேளுங்க" என்றான்.

கேட்டது. பாறைச் சுவரிலிருந்து, தண்ணீர் மட்டத்துக்குக் கீழேயிருந்து. டப். சற்று இடைவெளி. டப். ஒருவன் பந்தைச் சுவரில் அடித்து, திரும்பி வருவதை நிறுத்தி, மறுபடி அடிக்கிற இடைவெளி. அவசரமே இல்லாத அடி.

வேதமணி குழியின் விளிம்புக்கு ஓர் அடி வைத்தார். சத்தம் நின்றது. யாரோ ஒரு ஆள் வந்ததைக் கண்டு, பந்தைக் காலடியில் நிறுத்திக்கொண்டு பார்ப்பது போல நின்றது. ஷாஜி சிலுவை போட்டுக்கொண்டான். வேதமணி வைத்த அடியைப் பின்னால் எடுத்தார். பயம்தான், வேறென்ன. நாளைக்கு மண் கொட்டிவிடுவார்கள், இந்தச் சத்தம் மண்ணுக்கடியில் கேட்டுக்கொண்டே இருக்கும், தான் சாகும்வரை இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. திரும்பி நடந்தார். சுற்று வழியில் அல்ல, நேர்வழியில்.

செல்லபாய் அடுக்களை வாசலில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே, "கப்புக்கு இன்னும் மாசம் உண்டே. இப்பவே காயிதம் அடிச்சாச்சா?" என்றாள்.

"காயிதம் இல்ல மாமி." அவர் உட்காரவில்லை. "அந்தப் பந்து அஜீஷுக்க காலுல படல்ல."

கத்தி நின்றது. "பின்ன?"

"எனக்க காலுல. நானாக்கும் அடிச்சேன். எனக்கு நீந்தத் தெரியாது. நாணக்கேடாப் போவும்னு அவனுக்க பேரைச் சொல்லிப்போட்டேன்."

"நான்தான்னு அவனே சொன்னான்லா. சதாசிவன் சாரு இந்த வாசல்ல நின்னு எனக்கிட்ட சொன்னாரே."

"எனக்கு வேண்டி சொன்னான் மாமி. கேப்டன் சொன்னதைப் பொய்யாக்க வேண்டாம்னு நினைச்சான்."

இத்தனை வருஷமாக மனசுக்குள் ஆயிரம் தடவை இந்தக் காட்சியை அவர் பார்த்திருக்கிறார். அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், கத்தியை வீசுவாள். அவள் எதுவும் செய்யவில்லை. உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். கையைக் கழுவினாள். உள்ளே போய்க் குடையை எடுத்துவந்து கதவைச் சாத்தினாள்.

"நட" என்றாள். "அடிச்சவன் எடுக்கணும். அதுதானே உங்களுக்க நியாயம்? எடுத்தோண்டு வா."

"மாமி, முப்பத்திரெண்டு வருசம் ஆச்சு. பந்து அங்க இருக்குமா?"

"எனக்கிட்ட கேக்காத. இறங்கிப் பாரு."

முப்பத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாகச் செல்லபாய் அந்த மைதானத்தில் கால் வைத்தாள். டிப்பர்க்காரர்கள் பீடியை மறைத்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். வேதமணி சட்டையைக் கழற்றினார். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார். செல்லபாய் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

ஷாஜி ஓடிவந்து, "அண்ணா, சேறு உண்டு, பாறைப் பொந்து உண்டு, விளையாட்டல்ல இது" என்று அவர் இடுப்பில் கயிறு கட்டப் போனான்.

"கயிறு வேண்டாம்" என்றாள் செல்லபாய். "எனக்க பிள்ளைக்கு ஆரு கயிறு கெட்டினா?"

ஷாஜி கயிற்றைக் கீழே போட்டான்.

மோட்டார்க் குழாய் போட்டிருந்த சரிவில் வேதமணி இறங்கினார். முட்டளவு. இடுப்பளவு. வெளியே உச்சிவெயில், உள்ளே எலும்பில் குத்துகிற குளிர். நெஞ்சளவுக்கு வந்தபோது கால் சேற்றில் நின்றது. அதற்கு மேல் நகர அவருக்குத் தைரியம் இல்லை. நகரவும் வேண்டியிருக்கவில்லை. அடியில் ஏதோ உருண்டு வந்தது. மெதுவாக, அளவாக, கூட ஆடுகிறவனுக்குத் தள்ளிக் கொடுக்கிற மாதிரி வந்து, அவர் வலது காலில் தொட்டு நின்றது.

மைதானம் மைதானமாக அவரைத் தேடி வந்தது இதுதான். காலைத் தூக்கி வைக்க இங்கே நாற்காலி இல்லை. ஏசுவே என்று மூச்சை இழுத்துக்கொண்டு தலையை முக்கினார். கண்ணைத் திறக்கவில்லை. கை இரண்டும் பந்தைக் கண்டுபிடித்தன. தூக்கினார். வரவில்லை. சேறு பிடித்திருக்கிறது என்று நினைத்து விரலை அடியில் விட்டார். சேறு இல்லை. பந்தின் அந்தப் பக்கத்தில் வேறு இரண்டு கை இருந்தது. விரல் மேல் விரல் பட்டது. நடுங்காத, அவசரமில்லாத கை.

மூச்சு முட்டியது. மேலே வரலாம், விட்டுவிட்டு வரலாம், பந்து இல்லை மாமி என்று சொல்லலாம். ஒரே ஒரு பொய்தான். முதல் பொய்யும் ஒன்றுதான். வேதமணி தண்ணீருக்குள் வாயைத் திறந்தார்.

"எனக்க காலுலதான் பட்டுது அஜீஷே."

சொல் எல்லாம் குமிழியாகப் போயிற்று. அந்தப் பக்கத்துக் கை விட்டது.

அவர் இருமிக்கொண்டு, வாந்தி எடுத்துக்கொண்டு கரை ஏறினார். நெஞ்சோடு அணைத்திருந்த பந்தைப் பார்த்து ஷாஜி இரண்டடி பின்னால் போனான். பழைய தையல் பந்து. ஒரு கீறல் இல்லை. தோல் ஊறவில்லை. ஒரு பக்கத்தில் கோட்டுச் சுண்ணாம்பு வெள்ளையாக, இப்போது பட்டது போல ஒட்டியிருந்தது.

செல்லபாய் குடையைக் கீழே வைத்துவிட்டுப் பந்தை வாங்கினாள். சேலை முந்தியால் துடைத்தாள். பெருவிரலால் அமுக்கிப் பார்த்தாள். "காத்து போகல்ல" என்றாள். பிறகு அதை முகத்துக்கு நேரே தூக்கி, தினமும் காலையில் பேசுகிற அதே குரலில், ஆனால் மெதுவாகப் பேசினாள்.

"எலே மக்கா. உனக்க காலுல படல்லியாமே. நான் உன்னை வெறுதே ஏசிப்போட்டேன் மக்கா. இத்தற வருசமும் வெறுதே ஏசிப்போட்டேன்."

அவளுக்கு அழுகை வந்தது. டிப்பர்க்காரர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். வேதமணி அவள் காலடியில் மண்ணில் உட்கார்ந்து, ஈர வேட்டியோடு சத்தம் போட்டு அழுதார். அவள் அவரைத் தொடவில்லை, தேற்றவும் இல்லை. பின்னால் ஷாஜி மோட்டாரைப் போட்டான். நாலு நாளாக அசையாத தண்ணீர் கடகடவென்று குழாயில் ஏறியது.

செல்லபாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு பந்தை இடுக்கினாள். சட்டையை வேதமணியின் மடியில் போட்டாள்.

"நாளைக்குக் காலத்த ஆறரைக்கு வா."

"எதுக்கு மாமி?"

"ஏசாம எனக்கு முற்றம் பெருக்க வராது" என்றாள். "இனி அவனை ஏச ஒக்காது. உன்னையாக்கும் ஏசணும். நான் சாவுக வரைக்கும் வரணும்."

"வாறேன் மாமி."

மறுநாள் காலை வேதமணி நேர்வழியில் நடந்து போய்ச் செல்லபாயின் முற்றத்தில் நின்றார். பந்து உள்ளே அஜீஷின் போட்டோவுக்குக் கீழே இருந்தது. அவள் துடைப்பத்தை எடுத்தாள்.